அச்சுக்கூட ஈயமும் துப்பாக்கிக் குண்டும்

சிவகாசி அச்சுக்கூடம் ஒன்றில் எழுத்து வார்க்கும் பகுதியில் வேலை பார்த்தவன் நான். தேய்ந்துபோன எழுத்துகள் மூட்டையாக வரும். உருக்கி, மேலே மிதக்கும் கசடை வழித்தெடுத்து, கலவையைச் சரிசெய்து, மறுபடி எழுத்தாக வார்த்துக் கொடுப்போம். பில் புத்தகம், திருவிழா நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை எல்லாம் அந்த எழுத்தில்தான் ஓடின. ஆப்செட் வந்ததும் வேலை போனது. ஈயத்தைப் பற்றிக் கற்றது மட்டும் போகவில்லை.

மலையடிவாரத்தில் தென்னையும் மாவும் வைத்திருக்கிற அக்கா மகனிடம் ஒரு பழைய நாட்டுத் துப்பாக்கி இருக்கிறது. வாய்வழியாக மருந்தும் குண்டும் இட்டுக் கெட்டிக்கிற வகை. தாத்தா காலத்து லைசென்ஸ் முறையாக இவன் பேருக்கு மாறி வந்திருக்கிறது. என் வீட்டில் மிச்சமிருந்த பழைய எழுத்தைப் பார்த்துவிட்டு அவன் கேட்டான்: "மாமா, இத உருக்கி குண்டு வார்த்தா நல்லா கெட்டியா இருக்கும்ல?"

"கெட்டியாத்தான் இருக்கும். அதனாலதான் வேண்டாங்கேன்" என்றேன்.

அவனுக்கு அது விளங்கவில்லை. பலருக்கும் விளங்காது. குண்டு என்றால் கடினமாக இருக்க வேண்டும், எவ்வளவு கெட்டியோ அவ்வளவு நல்லது என்றுதான் தோன்றும். கருமருந்துத் துப்பாக்கியில் கதை நேர் எதிர். அதை முழுதாகச் சொல்ல வேண்டும் என்றுதான் இந்தக் கட்டுரை.

முதலில் மருந்து. எங்கள் வட்டாரத்தில் மருந்து என்றால் குழந்தைக்கும் தெரியும். வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றும் சேர்ந்த கருமருந்து இன்றும் திரியிலும் வாணத்திலும் இருக்கிறது. பழைய துப்பாக்கிகள் எல்லாமே இந்தக் குடும்பத்து மருந்துக்காகச் செய்யப்பட்டவை. ஆனால் ஒரே பேரில் இருப்பதெல்லாம் ஒன்றல்ல. பட்டாசுக்குள் இருக்கிற வெள்ளி நிற மருந்தில் அலுமினியப் பவுடர் சேர்ந்திருக்கும். அது எரிகிற வேகமே வேறு. அதைத் துப்பாக்கிக் குழலில் போட்டால் குண்டு நகர்வதற்குள் குழல் பிளந்துவிடும். புகையில்லா மருந்தும் அப்படித்தான். நீலகிரியில் அருவங்காட்டுக் கார்டைட் தொழிற்சாலை 1900களின் தொடக்கத்திலிருந்து செய்துவருவது அந்த வகை. அது நவீன உருக்குக் குழலுக்கு உரியது. பழைய நாட்டுத் துப்பாக்கியில் அதை ஒரு சிட்டிகை கலப்பதும் உயிரோடு விளையாடுவதுதான். துப்பாக்கிக்கென்று மணி மணியாகச் செய்த கருமருந்தை லைசென்ஸ் உள்ள கடையில் வாங்குவது ஒன்றே வழி. சிவகாசிக்காரனாக இதை நான் முதலில் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இங்கே மற்ற மருந்து கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது.

கருமருந்துக்கு இரண்டு குணங்கள் உண்டு. புகையில்லா மருந்தோடு ஒப்பிட்டால் அதன் அழுத்தம் குறைவு. எரிந்த பின் எடையில் பாதிக்கு மேல் கரிக் கசடாகக் குழலுக்குள்ளேயும் புகையிலும் மிஞ்சிவிடும். குண்டின் அளவு, வடிவம், ஈயக் கலவை எல்லாமே இந்த இரண்டு குணங்களுக்குப் பதில் சொல்லத்தான் உருவாயின.

வழவழப்பான குழலில் இருந்து தொடங்குவோம். 1799லும் 1801லும் பாஞ்சாலங்குறிச்சிக்கு வந்த கும்பினிப் படை தூக்கிவந்தது 'இந்தியா பேட்டர்ன்' என்ற மஸ்கெட். குழலின் உள்விட்டம் முக்கால் அங்குலம். அதில் போட்ட உருண்டையின் விட்டம் சுமார் 0.69 அங்குலம். கணக்குப் போட்டால் ஒரு உருண்டை 32 கிராம், ஒரு ராத்தலுக்கு, அதாவது ஒரு பவுண்டுக்கு, 14 உருண்டை. குழலுக்கும் குண்டுக்கும் நடுவே ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளி. எழுத்து வார்த்த என் கண்ணுக்கு அது பெரிய ஓட்டை. ஆனால் வேண்டுமென்றே விட்ட ஓட்டை அது. நாலைந்து முறை சுட்டதும் கரிக் கசடு குழலில் அப்பிக்கொள்ளும். அப்போதும் குண்டு தடையில்லாமல் உள்ளே இறங்க வேண்டும் என்பதற்காக அந்த இடைவெளி. அதற்கு விலையும் கொடுத்தார்கள். குண்டு குழலின் சுவரில் இடித்து இடித்து வெளியேறும். எந்தப் பக்கம் கடைசியாக இடித்ததோ அதற்கு எதிர்ப்பக்கம் போகும். நூறு கஜத்துக்கு அப்பால் ஓர் ஆளைக் குறிவைப்பது வீண். வரிசையாக நின்று மொத்தமாகச் சுட்டதற்குக் காரணம் அதுதான்.

பாளையக்காரர் பக்கம் இருந்த திரித்துப்பாக்கிகள் கைவேலை. ஒரு கொல்லர் செய்த குழல் இன்னொன்றின் அளவில் இருக்காது. ஆகவே துப்பாக்கி ஒவ்வொன்றுக்கும் குண்டு வார்க்க அதனுடைய அச்சு வேண்டும். அச்சு தொலைந்தால் துப்பாக்கி பாதி செத்த மாதிரி. கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டது 1799 அக்டோபர் 16. ஊமைத்துரை மறுபடி எழுப்பிய கோட்டை விழுந்தது 1801 மே மாதம். மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டது அதே ஆண்டு அக்டோபரில். டிசம்பரில் சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் போட்ட பிரகடனம் தென்பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதையே ஒழித்தது. எங்கள் பக்கத்து வீடுகளில் பழைய குண்டு அச்சு அநேகமாகக் கண்ணில் படாததற்கு அந்தப் பிரகடனமும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

ராத்தலுக்கு எத்தனை உருண்டை என்ற அந்தப் பழைய கணக்கு இன்னும் நம் வாயில் இருக்கிறது. '12 போர்' என்றால் குழலின் வாய்க்குச் சரியாகப் பொருந்தும் தூய காரீய உருண்டை பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு ராத்தல். ஒவ்வொன்றும் 38 கிராம் வாக்கில் வரும், விட்டம் பதினெட்டரை மில்லிமீட்டர். 16 போர் என்றால் உருண்டை சிறியது, குழலும் சிறியது.

வழவழப்பான குழலுக்கு எந்த ஈயமும் ஓரளவு ஒத்துப்போகும். 1776 ஜூலை 9 அன்று நியூயார்க்கில் மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் சிலையைச் சாய்த்தார்கள். பொன் முலாம் பூசிய ஈயச் சிலை அது. அதில் பெரும்பகுதியை லிட்ச்ஃபீல்டு ஊருக்குக் கொண்டுபோய் உருக்கி 42,088 குண்டுகள் வார்த்ததாகக் கணக்கு எழுதிவைத்திருக்கிறார்கள். கலவை என்ன, கடினம் என்ன என்று அவர்கள் கவலைப்பட்டிருக்கத் தேவையில்லை. குழலை இறுகப் பிடிக்காமல் போகிற குண்டுக்கு அது பெரிய விஷயமில்லை.

ரைஃபிள் வந்ததும் நிலைமை மாறியது. ரைஃபிள் குழலின் உட்சுவரில் முறுக்கி ஓடும் காடிகள் வெட்டியிருக்கும். குண்டு அந்தக் காடிகளைப் பிடித்துக்கொண்டு சுழல வேண்டும். பிடிக்க வேண்டுமென்றால் நெருக்கமாக இருக்க வேண்டும், வாய்வழியாக இறக்க வேண்டுமென்றால் தளர்வாக இருக்க வேண்டும். ஒன்றுக்கொன்று பகையான இரண்டு தேவைகள். இதற்கு மூன்று விதமாக விடை கண்டார்கள். மூன்றிலும் மென்மையான ஈயம்தான் உயிர்நாடி.

முதல் விடை, துணி. குழலைவிடச் சிறிய உருண்டையை எண்ணெய்ப் பசையுள்ள துணித் துண்டில் பொதிந்து இறக்குவது. உள்விட்டம் அரை அங்குலம் என்றால், அதாவது 12.7 மில்லிமீட்டர் என்றால், உருண்டை 12.45 மில்லிமீட்டர், எடை பதினொன்றரை கிராம். மிச்ச இடத்தைத் துணி நிரப்பும். காடியைப் பிடிப்பது துணி, துணியைப் பிடிப்பது ஈயம். சுட்ட உருண்டையைத் தேடி எடுத்துப் பார்த்தால் நெசவின் இழைத்தடம் அதில் பதிந்திருக்கும். தூய காரீயம்தான் அப்படிப் பதிய விடும். துணியும் முக்கியம். எங்கள் பக்கம் சத்திரப்பட்டியில் நெய்கிற பேண்டேஜ் துணி இதற்கு ஆகாது, இழை தளர்ந்தது, கிழிந்துவிடும். நெருக்கமாக நெய்த கெட்டிப் பருத்தி வேண்டும். பாலியெஸ்டர் கலந்தது உருகிக் குழலில் ஒட்டிக்கொள்ளும்.

இரண்டாவது விடையைப் பிரெஞ்சுக்காரரான மினியே 1849இல் கொடுத்தார். குண்டை நீளமாக்கி அடிப்பக்கத்தைக் கிண்ணம்போலக் குடைந்துவிட்டார். குழலைவிடச் சிறியதாக இருப்பதால் சட்டென இறங்கும். மருந்து எரிந்ததும் வாயு அந்தக் குழிக்குள் புகுந்து விளிம்பை விரிக்கும், விரிந்த விளிம்பு காடியைப் பிடிக்கும். மினியே குழிக்குள் ஓர் இரும்புக் குப்பி வைத்தார். அது இல்லாமலே விரியும் என்று அமெரிக்காவில் ஜேம்ஸ் பர்ட்டன் காட்டினார். விரிவதற்கு ஈயம் மென்மையாக இருந்தே ஆக வேண்டும். அக்கா மகன் கேட்டானே, அந்த எழுத்து ஈயத்தில் இந்தக் குண்டை வார்த்தால் விளிம்பு விரியாது. அல்லது வளைவதற்குப் பதில் உடையும்.

1857 என்றதும் நமக்கு நினைவு வருகிற என்ஃபீல்டு இந்த வகைதான். கொழுப்புத் தடவிய தோட்டாவைப் பற்றி எல்லோரும் பேசியிருக்கிறார்கள். குண்டின் விட்டத்தைப் பற்றிப் பேசியவர் குறைவு. குழல் 0.577 அங்குலம், குண்டு முதலில் 0.568. இங்கிலாந்தின் ஈரக்காற்றில் அது சரியாக இறங்கியது. இந்திய வெயிலில் கரிக் கசடு காய்ந்து கெட்டியானது, தோட்டாவில் தடவிய பசை உருகிக் காகிதத்தில் ஊறிப்போனது. சண்டைக்கு நடுவே குண்டு பாதிக் குழலில் சிக்கிக்கொண்டது. கடைசியில் அச்சையே மாற்றிக் குண்டை 0.550 ஆகக் குறைத்தார்கள். இந்த ஒரு செய்தி எனக்கு மிகவும் பிடித்தமானது. ஐரோப்பாவில் சரியான அச்சு இங்கே தவறான அச்சானது. துப்பாக்கி மாறவில்லை, வெயில்தான் மாறியது. வைகாசியில் விருதுநகர்க் கரிசல் காட்டில் நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இங்கே கருமருந்துத் துப்பாக்கிக்குக் குண்டு தேர்பவர் அயல்நாட்டுப் பட்டியலில் சொன்ன அளவை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். பசைக்கும் இதுவே. வெறும் கொழுப்பு எங்கள் வெயிலில் தண்ணீராகும். தேன்மெழுகு 60 டிகிரிக்கு மேல்தான் உருகும் என்பதால் அது கலந்த பசை நிற்கும். பெட்ரோலிய கிரீஸ் வேண்டவே வேண்டாம், கருமருந்தின் கசடோடு சேர்ந்து தார்போல இறுகும்.

மூன்றாவது விடை, பின்வழியாகத் தோட்டா போடுகிற கருமருந்து ரைஃபிள்கள். பிரிட்டிஷ் படை 1871இல் ஏற்ற மார்டினி-ஹென்றியின் குண்டு 31 கிராம். பன்னிரண்டு பங்கு காரீயத்துக்கு ஒரு பங்கு வெள்ளீயம். மேலே மெல்லிய காகிதம் சுற்றியிருப்பார்கள். காடியைத் தொடுவது காகிதம், ஈயம் குழலில் தேயாது. அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு ரைஃபிளுக்குப் பதினாறுக்கு ஒன்று. பின்வழியாகப் போடுவதால் குண்டு தளர்வாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை, பிறகு ஏன் இன்னும் மென்மை? அங்கேதான் அழுத்தத்தின் கணக்கு வருகிறது. மருந்து எரிந்த கணத்தில் குண்டின் பின்பக்கம் தள்ளப்படும், முன்பக்கம் அசைய மறுக்கும். இடையில் ஈயம் நசுங்கிப் பக்கவாட்டில் பருக்கும். பருத்துக் குழலை அடைத்துக்கொண்டால் வாயு முந்திச் செல்ல வழியில்லை. கருமருந்தின் குறைந்த அழுத்தத்துக்குக் கடின ஈயம் நசுங்காது. அப்போது சூடான வாயு குண்டின் விலாவை உரசிக்கொண்டு ஓடி ஈயத்தை உருக்கிக் குழலில் பூசிவிடும். குழலில் ஈயம் படிகிறதே என்று குண்டை இன்னும் கடினமாக்குபவர் உண்டு, படிவு இன்னும் கூடும்.

அதற்காகத் தூய காரீயமே எல்லாவற்றுக்கும் போதும் என்றும் சொல்ல முடியாது. நீண்ட குண்டின் மூக்கு தள்ளுதலில் சரிந்து கோணலாகும். அதனால்தான் கொஞ்சம் வெள்ளீயம். பிரினெல் அளவுப்படி தூய காரீயத்தின் கடினம் 5. இருபதுக்கு ஒன்று வெள்ளீயம் சேர்த்தால் 10 வாக்கில். எங்கள் லைனோடைப் கலவை, அதாவது நூற்றுக்கு 84 காரீயம், 12 ஆன்டிமனி, 4 வெள்ளீயம், 22 வாக்கில். கையால் கோக்கிற எழுத்தில் ஆன்டிமனி நாலில் ஒரு பங்கு வரை போகும், அது இன்னும் கடினம். டிரெடில் மெஷின் அழுத்தத்தில் ஆயிரக்கணக்கான முறை அடி வாங்கியும் எழுத்தின் விளிம்பு மழுங்கக் கூடாது. அதற்காகச் செய்த கலவை அது. எழுத்து நசுங்கக் கூடாது, குண்டு நசுங்கியே ஆக வேண்டும். ஒரே ஈயம் இரண்டு வேலைக்கும் ஆகாது.

வெள்ளீயமும் ஆன்டிமனியும் செய்யும் வேலை வேறுவேறு. வெள்ளீயம் சேர்ந்தால் உருகிய ஈயம் அச்சின் மூலை முடுக்கெல்லாம் ஓடி நிரப்பும், கடினம் சற்றே கூடும், ஆனால் உடையாது. ஆன்டிமனி கடினத்தை ஏற்றும், ஆறும்போது சுருங்குவதைக் குறைக்கும், கூடவே நொறுங்கும் தன்மையையும் கொண்டுவரும். இதனால் ஒரே அச்சில் வார்த்தாலும் கலவைக்குக் கலவை குண்டின் அளவு மாறும். லைனோடைப் ஈயத்தில் வார்த்தது சற்றே பருமனாக வரும், எடையோ ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறையும். ஆகவே அச்சு வாங்குமுன் எந்த ஈயம் என்று முடிவு செய்துவிட வேண்டும். பெரும்பாலோர் அச்சை வாங்கிவிட்டு ஈயத்தைத் தேடுகிறார்கள்.

சரி, அச்சை எப்படித் தேர்வது? துப்பாக்கியின் பேரை வைத்து அல்ல, குழலை அளந்து. வெறுமையாக இருக்கிறதா என்று சோதித்த குழலில் எண்ணெய் தடவி, வாயைவிடச் சற்றுப் பெரிய தூய காரீயத் துண்டை மரக்கட்டையால் மெல்லத் தட்டி இறக்கி, தள்ளி வெளியே எடுத்தால் குழலின் தடம் அதில் பதிந்திருக்கும். காடிகளுக்கு இடைப்பட்ட மேடு எவ்வளவு, காடி எவ்வளவு என்று மைக்ரோமீட்டரில் அளக்கலாம். எழுத்தின் உயரம் 0.918 அங்குலம் என்று ஆயிரத்தில் ஒரு பங்கு பிசகாமல் வார்த்த எங்களுக்கு இந்த அளவுகள் பழக்கமானவை. துணியில் பொதிகிற உருண்டை என்றால் மேட்டளவுக்குச் சற்றுக் குறைவு. மினியே குண்டு என்றால் தானாக வழுக்கி இறங்கும் அளவு. தோட்டாக் குண்டு என்றால் காடியளவு அல்லது அதற்கு மயிரிழை கூடுதல்.

வடிவத்தைக் காடியின் முறுக்கு முடிவு செய்யும். உருண்டைக்கு மெதுவான முறுக்கு போதும். நீளம் கூடக் கூட வேகமான முறுக்கு வேண்டும். உல்விச்சில் கணிதம் சொல்லிக்கொடுத்த கிரீன்ஹில் 1879இல் இதற்கு ஒரு வாய்பாடு தந்தார். குண்டின் விட்டத்தை அதே எண்ணால் பெருக்கி, 150ஆல் பெருக்கி, நீளத்தால் வகுத்தால், எத்தனை தூரத்தில் ஒரு முழுச் சுற்று வேண்டும் என்று தெரியும். 11.4 மில்லிமீட்டர் விட்டம், 30 மில்லிமீட்டர் நீளம் என்றால் விடை ஏறக்குறைய 650 மில்லிமீட்டர். இதில் எடை வரவே இல்லை என்பதைக் கவனியுங்கள். கனமான குண்டு வேண்டும் என்று நீளமான அச்சை வாங்கி, பழைய உருண்டை ரைஃபிளில் போட்டால் குண்டு காற்றில் புரளும்.

அச்சு எந்த உலோகம் என்பது பழக்கத்தைப் பொறுத்தது. இரும்பு அச்சு நீடிக்கும், ஆனால் எண்ணெய் பூசாமல் வைத்தால் துருப்பிடிக்கும், தூக்கக் கனம். அலுமினியம் சட்டெனச் சூடேறும், தட்டினால் ஓரம் நசுங்கும். பித்தளை சூட்டை நெடுநேரம் தாங்கும், விலை அதிகம். என்னைக் கேட்டால் நாள்பட வைத்திருக்கப் போகிறவருக்கு இரும்பு, அவ்வப்போது வார்ப்பவருக்கு அலுமினியம். குடைந்த குண்டுக்கான அச்சில் இரண்டு தாடையோடு நடுவே ஒரு முளையும் உண்டு. அந்த முளை சூடாகாவிட்டால் குழியின் விளிம்பு நிரம்பாது. முதல்முறை வார்ப்பவருக்கு அந்த அச்சை நான் சொல்ல மாட்டேன், உருண்டையில் கைபழகட்டும்.

விசித்திரமான அச்சுகளும் இருந்திருக்கின்றன. 1837இல் பிரிட்டிஷ் படை ஏற்ற பிரன்ஸ்விக் ரைஃபிளின் குழலில் இரண்டே காடி. குண்டோ இடுப்பைச் சுற்றி வரப்பு கட்டிய உருண்டை. அந்த வரப்பைக் காடியில் பொருத்தித்தான் இறக்க வேண்டும். கசடு படிந்த பின் அது எவ்வளவு பாடு என்று அதைச் சுமந்த சிப்பாய்களுக்குத்தான் தெரியும். நேபாளத்து அரண்மனைக் கிடங்கு ஒன்றில் குவிந்து கிடந்த பிரன்ஸ்விக்குகளும் மார்டினிகளும் 2003இல் அமெரிக்க வியாபாரிகள் கைக்குப் போயின. அவற்றை வாங்கியவர்கள் அந்த வரப்புக் குண்டுக்கும் அச்சுத் தேட வேண்டியிருக்கிறது.

வார்ப்பதில் எங்கள் தொழிலுக்கும் இதற்கும் இம்மியளவு வித்தியாசம்தான். காரீயம் 327 டிகிரியில் உருகும். வார்க்க 400 டிகிரி வாக்கில் வேண்டும், வெள்ளீயம் சேர்ந்திருந்தால் சற்றுக் குறைவு. அச்சு குளிர்ந்திருந்தால் குண்டில் சுருக்கம் விழும், மிஞ்சிச் சூடானால் பனி படிந்தாற்போல வெளுக்கும். முதலில் விழுவனவற்றை மறுபடி சட்டியில் போட்டுவிட வேண்டும். மெழுகோ மரத்தூளோ இட்டுக் கிளறினால் கசடு பிரிந்து மேலே வரும், வெள்ளீயம் உலோகத்திலேயே தங்கும். வார்த்த குண்டுகளை ஒவ்வொன்றாக நகை எடைபோடும் தராசில் வைத்துப் பாருங்கள். இளைத்தது இருந்தால் உள்ளே காற்றுக்குமிழி இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது. உருண்டையின் ஊற்றுவாய்த் தழும்பு மேல்நோக்கி, குழலின் நடுவில் இருக்கும்படி இறக்க வேண்டும். மருந்தின் மேல் இடைவெளி இல்லாமல் குண்டு அமர்ந்ததா என்று தடியில் போட்டுவைத்த குறியைப் பார்த்து உறுதி செய்ய வேண்டும். இடைவெளி இருந்தால் குழல் வீங்கும்.

உருகிய ஈயத்தருகே தண்ணீர் கூடாது. ஈரமான ஒரு துண்டு ஈயத்தைச் சட்டியில் போட்டால், உள்ளே மாட்டிய நீர் நொடியில் ஆவியாகிச் சட்டி மொத்தத்தையும் முகத்தில் அடிக்கும். நாங்கள் பழைய எழுத்தைக் கழுவினால் வெயிலில் காயவைத்துவிட்டுத்தான் அடுப்பருகே கொண்டுவருவோம்.

ஈயத்துக்கு எங்கே போவது என்று அக்கா மகன் கேட்டான். பேட்டரித் தகடு வேண்டவே வேண்டாம். அதில் ஆன்டிமனியும் ஆர்சனிக்கும் கால்சியமும் இருக்கலாம். அந்தக் கசடில் ஈரம் பட்டால் கிளம்பும் வாயு ஆளைக் கொல்லும். மீன்வலையில் கட்டும் ஈயம் பெரும்பாலும் எதையெதையோ உருக்கியது. லாரிச் சக்கரத்தில் சமநிலைக்கு அடிக்கிற ஈயக்கட்டியில் ஆன்டிமனி உண்டு. இப்போது துத்தநாகத்திலும் அது வருகிறது, துத்தநாகம் சிறிதளவு கலந்தாலும் உலோகம் கஞ்சிபோல் ஓடாமல் நின்றுவிடும். எக்ஸ்ரே அறைச் சுவரில் பதிக்கிற காரீயத் தகட்டின் வெட்டுத்துண்டு நல்லது. வாங்குமுன் நகத்தால் கீறிப் பாருங்கள், தூய காரீயத்தில் பளிச்சென்று கோடு விழும். சிமென்ட் தரையில் போட்டுப் பாருங்கள். தூயது தொப்பென்று விழும், எழுத்து ஈயம் கணீரென்று ஒலிக்கும். எங்கள் பட்டறையில் பையன்கள் முதலில் கற்ற பாடம் அந்த ஓசைதான். வெள்ளீயம் தனியாக வேண்டுமென்றால் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் வாங்குகிற கடையில் நல்லது கிடைக்கும்.

சட்டத்தைச் சொல்லாமல் விட முடியாது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் தோட்டாவின் பாகங்களையும் அதைச் செய்கிற கருவிகளையும்கூடத் தோட்டா என்றே கணக்கில் கொள்கிறது. லைசென்ஸ் இல்லாதவர் வீட்டில் அச்சும் குண்டும் இருந்தால் அது வழக்கு. லைசென்ஸ் உள்ளவரும் தமக்கு எது அனுமதி, எவ்வளவு அனுமதி என்று கலெக்டர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் அடுப்பு மூட்ட வேண்டும். அக்கா மகனிடமும் அதைத்தான் முதலில் செய்யச் சொன்னேன். லைசென்ஸ் கையில் இருப்பது வேட்டைக்கு அனுமதி ஆகாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலைக் காடு 2021இல் புலிகள் காப்பகமாகவும் ஆகிவிட்டது. தோப்பில் பன்றி இறங்கினாலும் வனத்துறையைக் கேட்காமல் சுட முடியாது.

இன்னொன்று, என் சக தொழிலாளிகளை நினைத்துச் சொல்கிறேன். ஈயம் மெல்லக் கொல்லும் நஞ்சு. சட்டியில் எழும் ஆவியைவிட, வழித்தெடுத்த கசடின் தூசிதான் அதிகம் உள்ளே போகும். கம்பாசிட்டர்கள் எழுத்துப் பொறுக்கிய கையோடு வடையைப் பிட்டுச் சாப்பிட்ட காலத்தை நான் பார்த்திருக்கிறேன். வயிற்று வலி, ரத்தச் சோகை, மணிக்கட்டுத் தளர்ச்சி என்று வந்தபோது காரணம் சொல்ல ஆள் இல்லை. 2017 ஜூலை 31 அன்று உச்ச நீதிமன்றம் பட்டாசில் ஈயம், ஆன்டிமனி உள்ளிட்ட ஐந்து பொருள்கள் எந்த வடிவிலும் இருக்கக் கூடாது என்றது. நான் வாழ்நாளெல்லாம் உருக்கிய இரண்டு உலோகங்களும் அந்த ஐந்தில் இருக்கின்றன. ஆகவே வார்ப்பு வெட்டவெளியில், காற்று முதுகுக்குப் பின்னாலிருந்து வரும்படி நின்று செய்ய வேண்டும். சட்டியும் கரண்டியும் சமையலறைப் பக்கம் போகக் கூடாது. கசடை மூடிபோட்ட டப்பாவில் சேர்த்துவைத்து ஈயம் சுத்திகரிக்கிற ஆலைக்குத்தான் கொடுக்க வேண்டும், தோப்பு மண்ணில் கொட்டக் கூடாது. சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே தண்ணீர் குடிக்க வேண்டும். வார்த்தபோது உடுத்திய வேட்டி சட்டையை வாசலிலேயே மாற்றித் தனியாகத் துவைக்கப் போட்டுவிட்டு, குளித்த பிறகுதான் வீட்டுப் பிள்ளையைத் தூக்க வேண்டும்.